நகோமிக்கு வயல் இருந்தது என்றால் ரூத் ஏன் கதிர் பொறுக்கப் போனாள்?

மாலைவகுப்பு:

எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் பைபிளின் ரூத் புத்தகத்தை வாரத்துக்கு ஓர் அதிகாரமாக நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முதல் மூன்று அதிகாரங்களில் சிக்கல் இல்லை. நாலாவதில் நின்றுவிட்டேன்.

4:3-ல் வயல்காரன் போவாஸ் ஊர் வாசலில் உட்கார்ந்துகொண்டு, மோவாபிலிருந்து திரும்பி வந்த நகோமி தன் செத்துப்போன புருஷன் எலிமெலேக்கின் வயலை விற்கிறாள் என்று உறவுக்காரனிடம் சொல்கிறான். அதுவரைக்கும் நிலம் என்ற பேச்சே இல்லை. மாமியார் நகோமியும் மருமகள் ரூத்தும் வெறுங்கையோடு பெத்லகேமுக்கு வந்தார்கள், மருமகள் ஊரார் வயலில் கதிர் பொறுக்கிக் கஞ்சி ஊற்றினாள் என்பதுதானே கதை? வயல் இருந்தால் எதற்குப் பொறுக்க வேண்டும்?

இன்னொன்று. எண்ணாகமம் 27-ல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் வழக்கில் வாரிசு வரிசை வருகிறது. மகன், மகன் இல்லாவிட்டால் மகள், அப்புறம் சகோதரர், அப்புறம் தகப்பனின் சகோதரர், கடைசியில் கிட்டின உறவு. மனைவிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அப்படியானால் நகோமி எந்த உரிமையில் விற்கிறாள்? கூட்டத்தில் யாராவது கேட்டால் திருதிருவென்று முழிக்க முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஒருத்தன்:

எழுதினவர் பிற்காலத்து ஆள். 4:7-ல் அவரே நின்று, முற்காலத்தில் இஸ்ரவேலில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று பாதரட்சை கழற்றுவதற்கு விளக்கம் சொல்கிறார் பாருங்கள். தன் வாசகர்களுக்கே அது புரியாது என்று அவருக்குத் தெரியும். நியாயாதிபதிகள் காலத்து நிலச் சட்டத்தை அவர் கச்சிதமாக எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்கலாமா? நாலாவது அதிகாரத்துக்கு ஒரு நிலம் தேவைப்பட்டது, போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

பழையஏடு:

தம்பி, அவ்வளவு சுலபமாகக் கை கழுவிவிட முடியாது. பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அவருடைய வாசகர்கள் நிலபுலத்தோடு வாழ்ந்தவர்கள். விதவை ஒருத்தி வயலை விற்கிறாள் என்பது அவர்கள் காதில் இடறவில்லை. கதைக்குள்ளேயும் அந்த உறவுக்காரன் "அவளுக்கு ஏது உரிமை?" என்று கேட்கவில்லை, உட்கார்ந்திருந்த பத்து மூப்பரும் கேட்கவில்லை. நடைமுறையில் அது நடந்துகொண்டிருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற இடங்களையும் பாருங்கள். கர்த்தர் விதவையின் எல்லையை நிலைப்படுத்துவார் என்று நீதிமொழிகள் 15:25 சொல்கிறது. நிலமே இல்லாதவளுக்கு எல்லை எங்கிருந்து வரும்? யோபு 24:3-ல் துன்மார்க்கர் விதவையின் மாட்டை ஈடாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அப்போது அவளிடம் மாடு இருந்திருக்கிறது. 1 இராஜாக்கள் 17-ல் வரும் சாறிபாத் விதவை சீதோன் நாட்டுக்காரிதான், ஆனாலும் பாருங்கள்: பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், இரண்டு விறகு பொறுக்கி அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்று செத்துப்போக இருந்தவள். அவள் வீட்டில் மேலறை இருந்தது. தீர்க்கதரிசி எலியா அங்கேதான் தங்கினான், செத்த பையனைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஏறினான். மாடி வீட்டுக்காரி, ஆனால் சமைக்க ஒன்றுமில்லை. நகோமியின் நிலையும் இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

எண்ணாகமம் 27 ஒரு தனி வழக்கின் தீர்ப்பு. குடும்பத்துக்குள் நடந்த எல்லா ஏற்பாட்டையும் அது சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். எகிப்தின் தென்கோடியில் எலெஃபன்டைன் தீவில் யூதப் படைவீரர் குடியிருப்பு ஒன்று இருந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் அரமேயப் பத்திரங்கள் அங்கே கிடைத்தன. மிப்தாகியா என்ற பெண்ணின் திருமண ஒப்பந்தம் அதில் ஒன்று. கணவன் எஸ்கோர் பிள்ளையில்லாமல் இறந்தால் அவன் வீடும் பொருளும் உடைமையும் மிப்தாகியாவுக்கே என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது எகிப்து, பெத்லகேம் அல்ல, சரி. ஆனாலும் விதவை சொத்தைக் கையில் வைத்திருப்பது அந்த உலகத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம் இல்லை.

பத்திரக்காரன்:

இழையைப் பார்த்ததும் விட முடியவில்லை. தொழில் அப்படி.

லேவியராகமம் 25-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரூத் 4-ஐப் படியுங்கள். நிலத்தை அறுதியாக விற்கக்கூடாது என்பதுதான் அங்கே அடிப்படை. ஐம்பதாம் வருஷமான யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். அதனால் விலை என்பது மண்ணுக்கு அல்ல, யூபிலி வரைக்கும் எத்தனை மகசூல் எடுக்கலாமோ அதற்கு. வருஷம் அதிகமிருந்தால் விலை கூடும், குறைந்தால் குறையும். நம் ஊர் ஒத்திப் பத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவ பாத்தியதைதான் கைமாறுகிறது. நடுவில் கஷ்டப்பட்டு விற்றவனுடைய கிட்டின உறவுக்காரன் வந்து பணம் கட்டி மீட்கலாம். போவாஸ் வாசலில் உட்கார்ந்து பேசினது இந்த மீட்பு உரிமையை.

எனவே இரண்டு விதமாக நடந்திருக்கலாம். பஞ்சத்தில் மோவாபுக்குப் போகும்போதே எலிமெலேக்கு வயலை யாரிடமாவது விட்டுவிட்டுப் போயிருப்பான், இப்போது நகோமி விற்பது மீட்கிற உரிமையை. அல்லது நிலம் கேட்பாரற்றுக் கிடந்தது, யாரோ உழுதுகொண்டிருந்தார்கள். இரண்டிலும் நகோமி கையில் தானியம் வராது. காகிதத்தில் மட்டும் சொத்து.

இந்த மாதிரி மீட்பு எப்படிப் பத்திரமாகிறது என்று தெரிய வேண்டுமானால் எரேமியா 32 படியுங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, எரேமியா காவலில். தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்து. முத்திரை போட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தன் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், நாள்பட இருக்கும்படி. படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஊரே எரியப்போகிறது, மனிதர் பத்திரத்தைப் பத்திரப்படுத்துகிறார்.

கரிசல்காடு:

அண்ணாச்சி சொன்னதில் விவசாயி பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

1:22-ஐ யாரும் கவனிப்பதில்லை. வாற்கோதுமை அறுப்பு தொடங்கும்போது வந்து சேர்ந்தார்கள். அந்த ஊரில் விதைப்பு மழை தொடங்கும் அக்டோபர், நவம்பர் வாக்கில். வாற்கோதுமை அறுப்பு ஏப்ரல். பழைய இஸ்ரவேல் ஊரான கேசேரில் 1908-ல் கிடைத்த சின்னச் சுண்ணாம்புக்கல் பலகையில், கி.மு. 10-ஆம் நூற்றாண்டு வாக்கில், ஒருவன் மாசக் கணக்கு கிறுக்கி வைத்திருக்கிறான். சேகரிப்புக்கு இரண்டு மாதம், விதைப்புக்கு இரண்டு, பின்விதைப்புக்கு இரண்டு, ஆளி அறுக்க ஒன்று, வாற்கோதுமை அறுக்க ஒன்று என்று போகும். ரூத்தும் நகோமியும் அறுப்பு மாசத்தில் வந்து இறங்குகிறார்கள். சொந்த வயல் பத்து ஏக்கர் இருந்தாலும் அதிலிருந்து ஒரு மணி கிடைக்க அடுத்த ஏப்ரல் ஆகும். அதுவரை வயிற்றுக்கு? அப்புறம் விதை? மாடு? உழ ஆள்? நகோமி மோவாபில் இருந்தது ஏறக்குறைய பத்து வருஷம். பத்து வருஷம் சும்மா கிடந்த காடு என்ன கதியில் இருக்கும் என்று எங்களைக் கேளுங்கள்.

சும்மாஒருத்தன் தம்பி கேட்கும் "கதைக்காகப் போட்ட நிலம்" விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. நிலம் வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது உலகத்திலேயே சாதாரணமான விஷயம்.

கதிர் பொறுக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2:17-ல் ரூத் சாயங்காலம் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஒரு மரக்கால் என்று போட்டிருக்கிறது. மூலத்தில் ஒரு எப்பா. சுமார் 22 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். 13 கிலோவுக்குக் குறையாது. உதிர்ந்த கதிரைக் குனிந்து பொறுக்கி ஒரே ஆள் ஒரு நாளில் இவ்வளவு சேர்க்க முடியாது. அதனால்தான் நகோமி பார்த்ததுமே "இன்று எங்கே பொறுக்கினாய்?" என்று கேட்கிறாள். போவாஸ் அறுப்புக்காரரிடம், அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிலதை உருவிப் போடுங்கள் என்று சொல்லி வைத்தது (2:16) அவளுக்குத் தெரியாது. அப்புறம், மத்தியானம் வறுத்த தானியம் கொடுத்தார்கள், ரூத் வயிறு நிறையத் தின்று மீந்ததை முடிந்துவைத்து மாமியாருக்குக் கொண்டுபோனாள். வேலைக்குப் போன இடத்தில் கிடைத்ததை வீட்டுக்கு மடித்துக் கொண்டுவருகிற பெண்பிள்ளையை நேரில் பார்த்தவன்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

மாலைவகுப்பு:

எல்லோருக்கும் நன்றி. விதைப்பு, அறுப்புக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இது ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும்.

கதிர் விடுவது கருணையா, கட்டாயமா? உபாகமம் 24:19-21-ல் மறந்துவிட்ட அரிக்கட்டு, ஒலிவ மரத்தில் தப்பினது, திராட்சையில் மீந்தது மூன்றும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று இருக்கிறது. போவாஸ் நல்லவன், விட்டான். மற்றவன் விடாவிட்டால்?

பழையஏடு:

சட்டம்தான். ஆனால் தண்டனை எழுதப்படாத சட்டம். யாத்திராகமம் 22:22-24-ல் விதவையை ஒடுக்கினால் உங்கள் மனைவிகள் விதவைகளாவார்கள் என்று கடவுளே மிரட்டுகிறார். மனித நீதிமன்றத்துக்கு அங்கே வேலை இல்லை.

அளவு குறிக்கும் வேலையை ரபிகள் பிறகு செய்தார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் வயல் ஓரத்துக்கென்றே பேயா என்று ஒரு பகுதி உண்டு. ஓரமாக விட வேண்டியது அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. இரண்டு கதிர் கீழே விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் சொந்தக்காரனுக்கு. நாளைக்கு மூன்று வேளை, காலை, உச்சி, சாயங்காலம், ஏழைகள் வயலுக்குள் வரலாம். இப்படி எண்ணி எண்ணி வகுத்திருக்கிறார்கள் என்றால் வரப்பில் எவ்வளவு சண்டை நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜெபவீரன்:

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? ரூத்தின் கீழ்ப்படிதலைச் சகோதரிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாமியார் சொன்னதையெல்லாம் மறுபேச்சு இல்லாமல் செய்தாள், ஆசீர்வாதம் பெற்றாள். அதுதான் புத்தகத்தின் செய்தி.

வடக்குத்தெரு:

மாமியார் சொன்னது என்ன தெரியுமா சகோதரரே? குளித்து, எண்ணெய் பூசி, நல்ல துணி உடுத்தி, ராத்திரி களத்துக்குப் போய், குடித்துவிட்டுத் தூங்குகிறவன் காலடியில் போர்வையை விலக்கிப் படுத்துக்கொள் என்று. இதை நீங்கள் எந்தச் சகோதரிக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சாதாரணமாக நான் இங்கே எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். கணவர் இறந்தபிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவள் என்பதால் இந்த நாலாம் அதிகாரத்தை நான் வேறு மாதிரி படிக்கிறேன். வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். போவாஸ், அந்த உறவுக்காரன், பத்து மூப்பர், வேடிக்கை பார்க்கிற ஜனம். விற்கிறவள் நகோமி, அவள் அங்கே பேசினதாக ஒரு வரி இல்லை. கல்யாணம் ரூத்துக்கு, அவளும் பேசவில்லை. நிலம் இருந்ததா, உரிமை இருந்ததா என்று நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். இரண்டும் இருந்திருக்கும். அதை வாசலில் எடுத்துப் பேச ஓர் ஆண் இல்லை. போவாஸ் கிடைக்கும்வரை அந்த நிலம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நகோமி ராத்திரியில் மருமகளை அனுப்பினது அந்த ஆளைப் பிடிக்கத்தான். அதை அவள் புத்திசாலித்தனம் என்றுதான் சொல்வேன். எவ்வளவு ஆபத்தான வேலை என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு வயலுக்குப் போனால் உன்மேல் கை வைப்பார்கள் என்று 2:22-ல் எச்சரித்தவளே அவள்தானே.

ஏசாயா 1:23-ஐயும் சேர்த்துப் படியுங்கள். விதவையின் வழக்கு பிரபுக்களிடத்தில் வருவதே இல்லை என்கிறார். தீர்ப்பு தப்பாக வந்தது என்று அவர் சொல்லவில்லை. வழக்கு உள்ளே போகவே இல்லை என்கிறார். அனுபவப்பட்டவர்களுக்குத்தான் அந்த வரி புரியும்.

பத்திரக்காரன்:

அம்மா, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

நீங்கள் சொன்னதற்கு இன்னொரு சாட்சி 2 இராஜாக்கள் 8. சூனேம் ஊர்ப் பெண், எலிசாவுக்கு மாடியில் அறை கட்டிக்கொடுத்த வசதிக்காரி. ஏழு வருஷப் பஞ்சத்தில் பெலிஸ்தர் நாட்டுக்குப் போய்த் திரும்பி வருகிறாள். வீடும் வயலும் கைவிட்டுப் போயிருக்கிறது. கணவன் பேச்சே அந்த அதிகாரத்தில் இல்லை. முன்னாலேயே வயதானவன் என்று 4-ஆம் அதிகாரம் சொல்வதால் இதற்குள் இறந்திருப்பான் என்று பலர் ஊகிக்கிறார்கள். இவள் ஊர் வாசலில் நிற்கவில்லை, நேரே ராஜாவிடமே போய் முறையிடுகிறாள். அந்த நேரம் பார்த்து எலிசாவின் வேலைக்காரன் கேயாசி ராஜாவிடம் இவளுடைய மகன் உயிர்பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ராஜா ஓர் அதிகாரியைக் கூட அனுப்பி, நிலத்தை மட்டுமல்ல, அவள் ஊரைவிட்டுப் போன நாள் முதல் அன்றுவரை விளைந்த பலன் முழுவதையும் திருப்பிக் கொடு என்கிறான். ஏழு வருஷ மகசூல்! எனக்குத் தெரிந்த எந்த நீதிமன்றமும் இவ்வளவு வேகமாக இடைக்கால வருமானம் வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் கேயாசி அங்கே இல்லாவிட்டால்?

லூர்துநகர்:

கத்தோலிக்கர் தரப்பிலிருந்து ஒருத்தி. எங்கள் பைபிளில் இருக்கிற யூதித்து என்ற விதவையை விட்டுவிட்டீர்களே! கணவர் மனாசே வாற்கோதுமை அறுவடையில் வெயில் தாக்கி இறந்தார். பொன், வெள்ளி, பணியாளர், கால்நடை, வயல் எல்லாம் மனைவிக்கு விட்டுச்சென்றார் என்று யூதித்து 8:7 நேராகவே சொல்கிறது. அவள் அதையெல்லாம் தானே நிர்வகித்தாள். 105 வயது வரை வாழ்ந்து, சாகுமுன் தன் சொத்தைக் கணவர் பக்கத்து உறவினருக்கும் தன் பக்கத்து உறவினருக்கும் பிரித்துக் கொடுத்தாள். கைம்பெண் என்றால் கந்தல் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும். ஊர்ப் பெரியவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துத் திட்டியவள் அவள்.

பழையஏடு:

அக்கா, யூதித்து எபிரேயத் தொகுப்பில் சேரவில்லை, கிரேக்கத்தில்தான் நமக்குக் கிடைத்தது. அதனால் இந்த இழையில் கொஞ்சம் வெளியே நிற்கிறாள். ஆனால் யூதர் எழுதிய கதைதான், நீங்கள் சொல்வது பொருத்தம்தான்.

லூர்துநகர்:

வெளியே நின்றாலும் நன்றாகத்தான் நிற்கிறாள்.

சும்மாஒருத்தன்:

யூதித்து பணக்காரி. ஏழை விதவைக்கு என்ன நடந்தது என்பதற்கு 2 இராஜாக்கள் 4 போதும். தீர்க்கதரிசிக் கூட்டத்தில் ஒருவன் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பையன்களையும் அடிமையாகப் பிடித்துப்போக வந்து நிற்கிறான். எலிசா அவனைத் தடுக்கவில்லை, கவனியுங்கள். நீ செய்வது சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஏனென்றால் விரோதம் இல்லை! கடனுக்கு ஆள் வேலை செய்து கழிப்பது அன்றைய நடைமுறை. நெகேமியா 5-ல்கூடப் பிள்ளைகளை அடிமைப்படுத்த வேண்டியிருக்கிறது என்று ஜனங்கள் அழுகிறார்கள். எனவே அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரம் இரவல் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் வார்த்து, விற்றுக் கடனை அடைக்கிறாள். அற்புதம் நடந்தால்தான் கடன் அடையும் என்றால் அந்தச் சட்டத்தின் லட்சணம் என்ன?

விதவையின் வஸ்திரத்தை அடகு வாங்காதே என்று உபாகமம் 24:17 சொல்கிறது, ரொம்ப நல்லது. துணியைத் தொடாதே, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பழையஏடு:

இதில் நீ சொல்வதை மறுக்க மாட்டேன். அக்கம்பக்கத்துச் சட்டங்களோடு ஒப்பிட்டால் இன்னும் உறைக்கும். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய, பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டத்தில் 171, 172-ஆம் பிரிவுகள் விதவைக்கானவை. அவள் கொண்டுவந்த சீதனமும் கணவன் எழுதிக்கொடுத்ததும் அவளுக்கே. எழுதிக்கொடுக்கவில்லை என்றால் ஒரு மகனுடைய பங்குக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம். கணவன் வீட்டில் குடியிருக்கலாம், பிள்ளைகள் துரத்தினால் நீதிபதிகள் விசாரிப்பார்கள். பாபிலோனில் விதவைக்குப் பங்கு என்று எழுதியிருக்கிறது. மோசேயின் ஐந்தாகமத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக அறுப்பில் மிச்சம், மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் பங்கு, பண்டிகைச் சாப்பாட்டில் இடம். சொத்தில் இல்லாத பங்கை விளைச்சலில் வைத்திருக்கிறார்கள். தீர்க்கதரிசிகள் அவ்வளவு சத்தம் போட்டதற்கு இந்த ஓட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் யூதர்களே இதை அடைத்தார்கள். திருமணத்தின்போதே கெத்துபா என்னும் ஒப்பந்தம், கன்னிக்கு 200 சூஸ் (வெள்ளிக்காசு), விதவை மறுமணம் செய்தால் 100. எருசலேம்காரர்களும் கலிலேயரும் அதில் இன்னொரு வரி எழுதுவார்கள் என்று மிஷ்னா சொல்கிறது: நீ விதவையாய் இருக்கும் நாளெல்லாம் என் வீட்டில் குடியிருந்து என் சொத்திலிருந்து சாப்பிடலாம். யூதேயாக்காரர்கள் மட்டும், வாரிசுகள் உன் தொகையைக் கொடுத்துக் கணக்கு முடிக்கும்வரை என்று எழுதினார்கள். கலிலேயாவில் விதவையாவது மேல்.

பத்திரக்காரன்:

சரத்து ஒன்று மாறினால் வாழ்க்கையே மாறும். இதைத்தான் என்னிடம் வருகிறவர்களுக்குக் கரடியாகக் கத்துவேன்.

மாலைவகுப்பு:

தாமாரைப் பற்றியும் கேட்க வேண்டும். 4:12-ல் வாசலில் இருந்தவர்களே "தாமார் யூதாவுக்குப் பெற்ற பேரேசின் வீட்டைப்போல" என்று வாழ்த்துகிறார்கள். கல்யாண வாழ்த்தில் அந்தக் கதையை இழுப்பது எனக்குத் தர்மசங்கடமாக இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

வடக்குத்தெரு:

உள்ளபடியே சொல்லுங்கள். பெண்களுக்குப் புரியும்.

தாமாரின் புருஷன், யூதாவின் மூத்த மகன் ஏர், பிள்ளையில்லாமல் செத்தான். அடுத்து அவளைக் கொண்ட இரண்டாமவன் ஓனான், பிள்ளை தன்னுடையதாக எண்ணப்படாது என்று தெரிந்து ஏமாற்றினான், செத்தான். மூன்றாவது மகன் சேலா பெரியவனாகும்வரை உன் தகப்பன் வீட்டில் விதவையாய் இரு என்று யூதா அனுப்பிவிட்டான். இவள் ராசியில்லாதவள், மூன்றாவதும் போய்விடுவான் என்ற பயம் அவனுக்கு. பையன் வளர்ந்தான், கூப்பிடவில்லை. இவள் நிலைமை என்ன? தகப்பன் வீட்டில் இருக்கிறாள், ஆனால் இன்னும் அந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவள், வேறு கல்யாணம் செய்ய முடியாது. அப்பாவித்தனமாகக் காத்திருந்தால் கிழவியாகியிருப்பாள். விதவை உடையைக் களைந்து, முக்காடு போட்டு, திம்னாவுக்குப் போகிற வழியில் உட்கார்ந்தாள். வேசி என்று நினைத்து வந்த யூதாவிடம் அவனுடைய முத்திரையும் அதன் கயிறும் கைக்கோலும் அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து, கர்ப்பம் தெரிந்ததும், இவளை வெளியே கொண்டுவந்து எரித்துவிடுங்கள் என்று அவன் தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பொருள்களை எடுத்து நீட்டினாள். அவனே "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்றான்.

இதில் தர்மசங்கடம் யூதாவுக்கு, நமக்கில்லை.

பத்திரக்காரன்:

முத்திரை என்றால் அந்தக் காலத்தில் கையெழுத்து. அதை வாங்கி வைத்தாள் பாருங்கள். சாட்சி இல்லாத இடத்தில் ஆவணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கரிசல்காடு:

உபாகமம் 25-ல், பிள்ளையில்லாமல் செத்த சகோதரனின் மனைவியைக் கட்டிக்கொள்ளக் கொழுந்தன் மறுத்தால் அந்தப் பெண்ணே வாசலுக்குப் போய், மூப்பர் முன்னால் அவன் செருப்பைக் கழற்றி, முகத்தில் துப்பலாம் என்று இருக்கிறதே. ரூத்தில் உறவுக்காரன் தன் செருப்பைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகிறான். துப்பல் எங்கே போனது?

பழையஏடு:

உபாகமம் சொல்வது ஒன்றாகக் குடியிருக்கும் கூடப்பிறந்த சகோதரனை. ரூத்தில் வருகிறவன் தூரத்து உறவு, அவனுக்கு அந்தக் கடமை இல்லை. செருப்பு இங்கே நில உரிமை கைமாறுவதற்கு அடையாளம். நிலம் என்றதும் மீட்டுக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு வந்தவன், ரூத்தும் கூட வருகிறாள், பிறக்கும் பிள்ளை செத்தவன் பேரில் நிற்கும் என்றதும் என் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று நழுவிவிட்டான். கணக்குப் பார்த்திருக்கிறான். பணம் கொடுத்து வாங்கின நிலம் பிறகு ரூத்தின் செத்த புருஷன் மக்லோன் பேரில் போய்விடும். அந்த உறவுக்காரன் பேரைக்கூடப் புத்தகம் சொல்லவில்லை, போவாஸ் "ஓய், இங்கே வந்து உட்காரும்" என்கிற தோரணையில்தான் கூப்பிடுகிறான்.

சும்மாஒருத்தன்:

அங்கேதான் எனக்கு அடுத்த சந்தேகம். 4:10-ல் போவாஸ் எல்லோர் முன்னாலும், மரித்தவன் பேரை நிலைநிறுத்தத்தான் ரூத்தைக் கொள்கிறேன் என்கிறான். பிள்ளை பிறந்ததும் அயலகத்துப் பெண்கள் நகோமிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது என்கிறார்கள். கடைசியில் வம்ச வரிசை வரும்போது பேரேஸ் தொடங்கிப் பத்துப் பேர், ஏழாவதாக போவாஸ், "போவாஸ் ஓபேதைப் பெற்றான்" என்று எழுதிவிட்டார்கள். மக்லோன் பேர் எங்கே? இதற்காகத்தானே அந்த உறவுக்காரன் பயந்து ஓடினான்!

பத்திரக்காரன்:

ஒப்பந்தத்தில் மக்லோன், ஊர்ப் பேச்சில் நகோமி, பதிவேட்டில் போவாஸ். இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? என் மேஜைக்கு வரும் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான்.

மாலைவகுப்பு:

இந்தக் கேள்வியைக் கடைசி வகுப்பில் அவர்களிடமே விட்டுவிடப் போகிறேன்.

வடக்குத்தெரு:

அப்படியே 4:9-ஐயும் கேளுங்கள். எலிமெலேக்கு, கிலியோன், மக்லோன் மூவருக்கும் இருந்த எல்லாவற்றையும் நகோமியின் கையில் வாங்கினேன் என்கிறான் போவாஸ். கிலியோன் நகோமியின் இன்னொரு மகன், மற்ற மருமகள் ஓர்பாளின் புருஷன். அவன் பேரை நிலைநிறுத்துவது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, பங்கு மட்டும் சேர்ந்து போய்விட்டது. ஓர்பாளும் விதவைதான், நகோமியே அவளையும் வாழ்த்தித்தான் அனுப்பினாள்.

கரிசல்காடு:

அவள் மோவாபுக்கே திரும்பிப் போய்விட்டாளே அக்கா. அங்கே இஸ்ரவேல் சட்டம் செல்லுமா?

பத்திரக்காரன்:

சட்டம் செல்லாது என்றாலும் விற்பனைக்கு முன்னால் ஓர் ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம். சவக்கடலைச் சுற்றிப் போய்வரும் தூரம்தான், ரூத்தும் நகோமியும் நடந்தே வந்தார்கள்.